கோதாவும் பெற்றோரும்

சோழ நாட்டு ஆமூரிலே பண்டைக்காலத்தில் ஒரு மற்போர் நிகழ்ந்தது. உறையூர்த் தித்தன் மகனாகிய போரவைக் கோப்பெருநற்கிள்ளி அவ்வூர்ப் பெருமல்லன் ஒருவனோடு பொருதான். ஒரு முழந்தாளை அவன் மார்பில் ஊன்றி, மற்றொரு காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து, பசித்த யானை மூங்கிலை முறிப்பது போல அவனை முறித்தான். சாத்தந்தையார் என்னும் புலவர் இதனைப் பாடினார். புறநானூற்றில் எண்பதாம் பாட்டாக அஃது இன்றும் நிலைத்திருக்கின்றது. அப்பாட்டில் நம் நெஞ்சைத் தொடுவது போரின் வருணனை மட்டுமன்று. கிள்ளி தன் தந்தையொடு மனவேறுபாடு கொண்டு பிரிந்து வாழ்ந்தவன் என்பர். அதனால் புலவர், தித்தன் இதனை விரும்பினாலும் சரி, விரும்பாவிட்டாலும் சரி, அவன் வந்து இதைக் கண்டிருக்க வேண்டும் என்று ஏங்குகின்றார். மகன் கோதாவில் நிற்கின்றான். தந்தை அங்கே இல்லை. தமிழிலக்கியத்தில் மற்போரைப் பற்றிய மிகப் பழைய செய்திகளுள் ஒன்று, பார்வையாளர் கூட்டத்தில் வெறுமையாய்க் கிடந்த ஒரு தந்தையின் இடத்தைப் பற்றியதாக இருக்கின்றது.

அதே கிள்ளியை நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவரும் பாடினார். கூழுண்டு வாழ்ந்தும் பெருந்தோள் படைத்தவன் அவன் என்று அவர் வியக்கின்றார். அவன் பொருத நாளில் ஊரார் ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்றும், மற்றொரு சாரார் அன்று என்றும் வாதிட்டனராம். அம்மையாரோ பனைமரம் ஒன்றைச் சார்ந்து நின்று அவன் வெற்றியைத் தம் கண்ணாலேயே கண்டார். இக்காலத்தில் ஒரு பள்ளி மற்போருக்குச் சென்று பார்த்தவர்கள் இந்தக் காட்சியை உடனே அறிந்துகொள்வர். நடுவர் கை உயர்த்துவதற்குள் கூட்டம் இரண்டுபட்டு ஆரவாரிக்கும். மைதானத்து ஓரத் தூணில் சாய்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு தாயொருத்தி நிற்பாள்.

நம் காலனிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளின் கல்வியையே பெருஞ்செல்வமாகக் கருதி வந்தவை. அலுவலக வேலையை நம்பி டில்லிக்கு வந்த குடும்பங்களுக்கு வேறு சொத்து ஏது? ஆகவே ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிக்கும் பிள்ளை, பள்ளியின் மற்போர்க் குழுவிற் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றால் வீட்டில் ஒரு திகைப்பு எழுவது இயல்பே. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாரும் உண்டு. அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மல் என்னும் சொல்

மல் என்றால் தமிழில் வலிமை என்றே பொருள். திருமால் வாணாசுரனை எதிர்த்து ஆடிய மல்லாடலைச் சிலப்பதிகாரம் பதினோராடல்களுள் ஒன்றாக வைத்துப் பேசுகின்றது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவப் பேரரசன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டத்தைப் பூண்டான். கடற்கரையில் எழுந்த கற்சிற்ப நகருக்கும் மாமல்லபுரம் என்ற பெயர் வழங்கலாயிற்று. பிற்காலத்தில் குஸ்தி, பயில்வான், கோதா என்னும் சொற்கள் நம் பேச்சில் கலந்தன. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்பன ஊர்தோறும் இருந்த உடற்பயிற்சிக் கூடங்களின் அன்றாடச் சொற்களாயின. ஒரு செயலில் துணிந்து இறங்குபவனைக் கோதாவில் இறங்கிவிட்டான் என்று சொல்லாத தமிழர் உண்டா?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றுவித்த மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், மல்லர்களை வயது, உடற்கட்டு, வலிமை என்பவற்றால் வகைப்படுத்தி, அவரவர்க்கேற்ற உணவையும் பயிற்சியையும் வகுத்துரைக்கின்றது. பதினாறாம் நூற்றாண்டில் விசயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் தோமிங்கோ பாயஸ், கிருட்டிண தேவராயர் அவையில் மகாநவமி விழாவின்போது மல்லர் பொருததைக் கண்டு எழுதிவைத்தார். ஆகவே மற்போர் நமக்கு அந்நியமானதன்று. நடுவிலே நாம் மறந்துபோனது என்பதே பொருந்தும்.

டில்லியின் கோதாக்கள்

நாம் வாழும் சாணக்யபுரிக்கு அர்த்தசாத்திர ஆசிரியரின் பெயர் அமைந்தது 1950-களில், வெளிநாட்டுத் தூதரகங்களுக்கென இப்பகுதி வகுக்கப்பட்ட காலத்தில். சாந்திபத்தில் மாலையில் உலாவுவோர் அமெரிக்கா, உருசியா, சப்பான் முதலிய நாடுகளின் கொடிகளைக் காண்பர். மற்போரில் உலகை ஆளும் நாடுகள் அவை. ஆனால் அக்கொடிகளுக்கு முன்னரும் இம்மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. மால்சா மார்க்கம் என்னும் பெயரில் இன்றும் வாழ்வது மால்சா என்ற பழைய கிராமம். புதுடில்லி அமைப்பதற்காக 1911-12 ஆம் ஆண்டுகளில் அந்நிலம் அரசால் எடுக்கப்பட்டபோது, அங்கிருந்த உழவர் பலர் வடக்கே சோனிபத் பகுதிக்குப் பெயர்ந்து சென்றனர். அந்தச் சோனிபத்தும் அதனை அடுத்த ரோத்தக், சஜ்ஜர், பிவானி மாவட்டங்களுமே இன்று இந்திய மற்போரின் விளைநிலங்கள்.

டில்லி நகரின் கோதாக்களுள் புகழ் மிக்கது குரு அனுமான் நிறுவியது. இராசத்தானத்துச் சிராவாவில் 1901-இல் பிறந்த அவரது இயற்பெயர் விசயபால். பிர்லா ஆலையின் ஆதரவில், சப்ஜி மண்டிப் பகுதியில் அவர் அமைத்த பயிற்சிக்கூடத்தில் பல தலைமுறை மல்லர்கள் உருவாயினர். விடியலுக்கு முன் எழுதல், மண்ணைக் கொத்திப் பதப்படுத்தல், நூற்றுக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தல், பாலும் நெய்யும் வாதுமையும் உண்ணல், ஆசானுக்கு அடங்கி நடத்தல் என்பன அங்கே சட்டமாயிருந்தன. கோதா மண்ணில் எண்ணெய், மஞ்சள், மோர் ஆகியவற்றைக் கலப்பது வடநாட்டு வழக்கம். பெற்றோர் தம் சிறுவரைக் கொண்டுவந்து ஆசான் கையில் ஒப்படைத்துவிட்டுச் செல்வர். 1983-இல் பத்மசிறீ விருதும் 1987-இல் துரோணாசாரியர் விருதும் பெற்ற குரு அனுமான் 1999-இல் சாலை விபத்தில் மறைந்தார். அவர் மாணவருள் ஒருவரான சத்பால் 1982-இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். பின்னர் அவரே வடடில்லியின் சத்ரசால் அரங்கில் ஆசானாக அமர்ந்து அடுத்த தலைமுறையை வளர்த்தார்.

வீட்டை ஈடு வைத்த ஆசிரியர்

மற்போர் வீரன் ஒருவன் எழுவதற்குப் பின்னால் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்பதற்குக் கசாபா தாதாசாகேப் சாதவ் வாழ்க்கை சான்று. மராட்டியத்துச் சதாரா மாவட்டம் கோளேசுவரைச் சேர்ந்த அவருக்கு ஐந்து வயதிலேயே மற்போர் கற்பித்தவர், தாமும் மல்லராயிருந்த அவர் தந்தையே. 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் அவர் ஆறாம் இடம் பெற்றார். மண்ணிலே பழகிய கால்களுக்கு அங்கே விரிக்கப்பட்டிருந்த மெத்தை புதிதாயிருந்தது. 1952-இல் எல்சிங்கிக்குச் செல்லப் பணமில்லை. ஊரார் திரட்டிக் கொடுத்தனர். அவர் பயின்ற கோலாப்பூர் இராசாராம் கல்லூரியின் முதல்வர் கர்டிகர் தம் வீட்டை ஈடு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். அவ்வாண்டு சூலையில் சாதவ் வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனியொருவர் ஈட்டிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஊர் திரும்பியபோது நூற்றுக்கு மேற்பட்ட மாட்டுவண்டிகள் ஊர்வலமாக வந்து அவரை எதிர்கொண்டன. டில்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கின் மற்போர் மண்டபம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பால் சுமந்த தந்தை

சோனிபத் மாவட்டத்து நாகரி கிராமத்தில் இராகேசு தகியா என்னும் உழவர், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு வந்தார். அவர் மகன் இரவிக்குமார் பத்து வயதில் சத்ரசால் அரங்கில் சேர்ந்தான். நாகரிக்கும் அரங்குக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தந்தை வைகறைக்கு முன்னரே எழுந்து, இரயில் நிலையம் வரை நடந்து, வண்டியேறி ஆசாத்பூரில் இறங்கி, மீண்டும் நடந்து, மகனுக்குப் பாலும் பழமும் கொடுத்துவிட்டு வயலுக்குத் திரும்புவார். ஒரு நாள், ஒரு மாதம் அன்று; பத்தாண்டுக்கு மேல் இது நடந்தது. 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் 57 கிலோ பிரிவின் அரையிறுதியில் இரவி 2-9 என்று பின்தங்கியிருந்தார். நேரம் முடியும் தறுவாயில் எதிரியின் இரு தோள்களையும் மெத்தையில் அழுத்தி வென்றார். இறுதிப் போரில் உருசிய வீரரிடம் 4-7 என்று தோற்று வெள்ளி பெற்றார். அவ்வெள்ளியிலே தந்தை கொணர்ந்த பாலின் வெண்மையும் கலந்திருந்தது என்றால் அது மிகையாகாது.

அதே அரங்கில் பதினான்கு வயதில் சேர்ந்தவர் டில்லிப் பாப்ரோலா கிராமத்துச் சுசில் குமார். தந்தை ஓட்டுநர், தாமும் மற்போர் அறிந்தவர். அக்குடும்பத்தின் வருவாய் ஒரு மல்லனைப் பேணவே போதுமானதாயிருந்தது. ஆதலால் உடன் பயின்ற சிற்றப்பா மகன் விலகிக்கொள்ள நேர்ந்தது. சுசில் 2008-இல் ஒலிம்பிக் வெண்கலமும், 2010-இல் உலகப் பட்டமும், 2012-இல் ஒலிம்பிக் வெள்ளியும் வென்றார்.

பெற்றோர் இல்லாத பிள்ளையின் கதையும் இவ்வரங்கில் உண்டு. சஜ்ஜர் மாவட்டத்து அமன் செகராவத் சிறுவயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். உறவினரும் ஆசான்களுமே அவருக்குப் பெற்றோராயினர். 2024-இல் பாரிசில் 21 வயதில் வெண்கலம் வென்றபோது, அப்பதக்கத்தை மறைந்த பெற்றோருக்கே அவர் காணிக்கையாக்கினார்.

மகளைக் கோதாவில் இறக்கிய வீடுகள்

பெண்பிள்ளைகளின் பெற்றோர்க்கு இருந்த சோதனை இன்னும் கடுமையானது. பிவானி மாவட்டத்துப் பலாலி கிராமத்தில் மகாவீர் சிங் போகாட் தம் மகளிர்க்கு மற்போர் கற்பித்தபோது ஊரார் ஏசினர். மூத்த மகள் கீதா 2010-இல் டில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 55 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அப்போட்டிகளில் இந்தியப் பெண்ணொருத்தி மற்போரில் வென்ற முதல் தங்கம் அதுவே. இவ்வரலாற்றைத் தழுவி வந்த திரைப்படத்தில், இறுதிப் போரின்போது தந்தை ஓர் அறையில் அடைபட்டுக் கிடப்பதாகக் காட்டுவது வெறுங்கற்பனை.

உத்தரப் பிரதேசத்து முசப்பர்நகர் மாவட்டத்திலிருந்து டில்லி கோகல்பூரில் குடியேறிய குடும்பம் திவ்யா காக்ரானுடையது. தாய் மல்லர்களுக்கான கச்சைகளைத் தைப்பார். தந்தை அவற்றைத் தோளில் சுமந்து, குஸ்தி நடக்கும் ஊர்களிலெல்லாம் விற்பார். சிறுமியாயிருந்த திவ்யா அவ்வூர்க் கோதாக்களில் சிறுவரோடு பொருது பரிசுப்பணம் ஈட்டினாள். 2020 பிப்ரவரியில் சாதவ் பெயர் தாங்கிய அதே டில்லி மண்டபத்தில், ஆசிய மற்போர்ப் போட்டியில் 68 கிலோ பிரிவின் தங்கத்தை அவர் வென்றார். டில்லி போக்குவரத்துக் கழகத்துப் பேருந்து நடத்துநர் ஒருவரின் மகளான ரோத்தக் சாட்சி மாலிக், 2016-இல் ரியோவில் 0-5 என்று பின்தங்கிய போரை 8-5 என்று வென்று வெண்கலம் கொண்டுவந்தார். அலுவலகமும் பேருந்துமாகக் காலந்தள்ளும் நம்மைப் போன்ற குடும்பங்களிலிருந்தே இவ்வீராங்கனைகள் தோன்றினர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நூறு கிராமும் மூன்று உயிர்களும்

புகழை மட்டும் பேசி முடித்தால் அது பாதி வரலாறே ஆகும். மற்போர் எடைப் பிரிவுகளால் நடப்பது. குறைந்த பிரிவில் நின்றால் எளிதில் வெல்லலாம் என்னும் ஆசையால், உண்ணாமலும் நீர் அருந்தாமலும் வியர்வை சிந்தியும் எடையைக் குறைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. 1997-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர் மூவர், ஐந்து வாரத்துக்குள் ஒருவர்பின் ஒருவராக, இவ்வாறு எடை குறைக்கும் முயற்சியிலேயே உயிர் நீத்தனர். அதன்பின் அங்கே விதிகள் திருத்தப்பட்டன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளிலும், உடற்கொழுப்பு ஆண்பிள்ளைக்கு 7 விழுக்காட்டுக்கும் பெண்பிள்ளைக்கு 12 விழுக்காட்டுக்கும் கீழே போகும்படி எடையைக் குறைக்கலாகாது என்றும், வாரத்துக்கு உடலெடையில் 1.5 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கலாகாது என்றும் வரம்பு கட்டினர்.

2024 ஆகஸ்டில் பாரிசில் வினேசு போகாட் ஒரே நாளில் மூன்று போர்களை வென்று இறுதிக்குத் தகுதி பெற்றார். மறுநாள் காலை 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் மிகுந்திருந்தமையால் தகுதி இழந்தார். இரவெல்லாம் பட்ட பாடு வீணாயிற்று. உடல்நீர் வற்றி மருத்துவ உதவியும் பெற நேர்ந்தது. முதிர்ந்த வீராங்கனைக்கே இக்கதி என்றால், வளரும் பருவத்துப் பிள்ளையின் நிலை என்னாகும்? பதினைந்து வயதுப் பிள்ளை இரண்டு நாள் சோற்றைத் தள்ளி வைத்தால், அதனைத் தவம் என்று போற்றுவது பெற்றோர்க்கு அழகன்று. வளர்கின்ற உடலுக்கேற்ற பிரிவில் நின்று தோற்பது, வாடிய உடலோடு வெல்வதினும் மேலானது.

வேறோர் இருளும் உண்டு. 2021 மே மாதத்தில் சத்ரசால் அரங்க வளாகத்தில் இளம் மல்லர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அவ்வழக்கில் சுசில் குமார் கைது செய்யப்பட்டார். 2023-இல் சாட்சி மாலிக், வினேசு போகாட், பஜ்ரங் பூனியா முதலியோர், மற்போர்க் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் பெண் மல்லர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று குற்றஞ்சாட்டி ஜந்தர் மந்தரில் அறப்போர் நடத்தினர். அவர் அதனை மறுத்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது. பிள்ளையை ஆசானிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பாராமற் செல்லும் பழைய வழக்கம் இனி ஆகாது என்பதே இவை உணர்த்தும் பாடம். ஆசானை மதிப்பது வேறு. கண்ணை மூடிக்கொள்வது வேறு. பயிற்சிக்கூடத்துக்கு எந்நேரமும் சென்று பார்க்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டா என்பதை முதல் நாளிலேயே கேட்டறிதல் வேண்டும்.

முதற் பருவம்

1954-இல் தோன்றிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்திவரும் தேசியப் போட்டிகளில் மற்போரும் ஒன்று. 2018-இல் டில்லியில் தொடங்கிய கேலோ இந்தியா பள்ளி விளையாட்டுகளிலும் அதற்கு இடமளிக்கப்பட்டது. ஆகவே பள்ளிப்பிள்ளை ஏறிச் செல்லப் படிகள் உள்ளன. ஆனால் முதற் பருவத்தில் பெரும்பாலோர் தோற்பர் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

முதன்முறை பார்ப்போர்க்கு இரண்டொரு விதிகள் தெரிந்தால் போதும். எதிரியின் இரு தோள்களையும் மெத்தையில் படிய வைத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. நிற்பவனைக் கீழே வீழ்த்தி அடக்கினால் 2 புள்ளி. அவன் முதுகை மெத்தைப் பக்கம் திருப்பினாலும் 2 புள்ளி. பதினேழு வயதுக்குட்பட்டோர்க்குப் பன்னாட்டு விதிப்படி இரண்டிரண்டு நிமிடமாக இரு சுற்றுகள். பெரியோர்க்கு அவை மும்மூன்று நிமிடம். கட்டற்ற முறையில் 10 புள்ளி முந்திவிட்டால் போர் நிறுத்தப்படும்.

நான்கு நிமிடம் என்பது சிறிது. ஆயின் மற்ற ஆட்டங்களில் தோல்வியைப் பதினொருவர் பகிர்ந்துகொள்வர். இங்கே பிள்ளை தன்னந்தனியே நின்று தோற்கின்றான். வென்றவன் கையை நடுவர் உயர்த்தும்போது அருகிலேயே தோற்றவனும் நின்றாக வேண்டும். எதிரியின் பயிற்சியாளர்க்குக் கைகொடுத்துவிட்டுத்தான் அவன் திரும்ப வேண்டும். அப்பொழுது அவன் கண்கள் முதலில் தேடுவது பார்வையாளர் வரிசையைத்தான். அங்கே முகஞ்சுளித்த தந்தை இருந்தால் அவன் இரண்டாம் முறை தோற்கின்றான். இருக்கையில் எழுந்து நின்று, ஏன் காலைப் பிடிக்கவில்லை என்று கூவுவது பயிற்சியாளரின் வேலை. அதனை அவரிடமே விட்டுவிடுவதே முறை. தோற்றுவந்த பிள்ளையிடம் உண்டாயா, வலிக்கிறதா என்னும் இரண்டு கேள்விகள் போதும். பிடிகளைப் பற்றிய பேச்சு மறுநாளைக்கு ஆகட்டும்.

படிப்பு கெடுமோ என்னும் அச்சத்துக்கும் ஒரு சொல். நாம் காட்டிய வீரருள் ஒருவரும் எளிதில் வென்றவர் அல்லர். பதக்கம் பெற்றோர் ஒரு சிலரே. கோதாவில் இறங்கிப் பின் வேறு தொழிலுக்குப் போனவரோ ஆயிரக்கணக்கானவர். அவர்கள் வாழ்வு வீணாகிவிடவில்லை. காலத்தில் எழுதல், அளவறிந்து உண்ணல், தோல்வியை ஏற்று மறுநாளும் வருதல் என்பவை எந்தத் தேர்வுக்கும் பயன்படும். நம் பிள்ளை பதக்கம் பெறுவானா என்று கணக்கிடுவதை விட்டு, பருவ முடிவில் அவன் நேராக நிமிர்ந்து நடக்கிறானா என்று பார்ப்பதே அறிவுடைமை.

ஆமூரில் தித்தன் வந்து காணவில்லை என்னும் குறை ஒரு பாட்டாகி ஈராயிரம் ஆண்டளவு நின்றுவிட்டது. நாகரியின் உழவரோ நாள்தோறும் வந்தார். நம் சங்கத்துப் பெற்றோர் எவ்வழியைத் தேர்வர் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமைக் காலையில் பள்ளி மைதானத்தில் ஒரு போட்டி இருந்தால், கடைக்கணக்கையும் கோப்புகளையும் ஒரு வேளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு புட்டி நீரும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு சென்று அமர்வோமாக. வளர்க நம் இளைஞர். வாழ்க தமிழ்ச் சங்கம்!